பிள்ளைகளைக் காட்டாமல் திரட்டிய பணம்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று எங்கள் பக்கம் முழுவதையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த குழந்தைகள் இல்லத்தின் கூரையில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்கூட மிஞ்சவில்லை. பிள்ளைகள் படுக்கும் கூடத்தின் சுவர் உள்பக்கமாகச் சரிந்து கிடந்தது. முன்னிரவே அவர்களைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு அழைத்துப் போயிருந்ததால் ஒருவருக்கும் அடி இல்லை. அடுத்த நாட்களில் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவுப்படி சிலர் வேறு இல்லங்களுக்கும் சிலர் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போனார்கள்.

இல்லத்தை நடத்தும் அறக்கட்டளை எங்களில் சிலரைக் கூப்பிட்டு ஒரு கட்டடக் குழு அமைத்தது. நான் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கணக்கு என் பொறுப்பாயிற்று. கேட்கப்போன இடமெல்லாம் இழந்த வீடு. விழுந்த தென்னைக்கு, வெட்டி அகற்றும் கூலியும் சேர்த்து, அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய். புதுக் கன்று வைத்தால் நாட்டு ரகம் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். வருமானமே இல்லாத அந்த இடைவெளியில்தான் நாங்கள் போய் நின்றோம்.

முதல் கூட்டத்திலேயே தகராறு. குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் செல்போனில் ஒரு வீடியோ எடுத்து வந்திருந்தார். இடிந்த சுவருக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து இல்லத்தைப் பற்றிப் பேசுகிறாள். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். “இதைப் போட்டாலே ஒரு வாரத்துல பாதிப் பணம் வந்துரும்ணே” என்றார் அவர். வந்திருக்கும்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இல்லத்தின் கண்காணிப்பாளர் அக்கா அதுவரை வாய் திறக்கவில்லை. அப்போதுதான் சொன்னார்: “அந்தப் பிள்ளைக்கு அப்பா இருக்கார் சார். இவ எங்க இருக்கான்னு அவருக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இங்க கொண்டாந்து விட்டிருக்காங்க.”

அந்த வீடியோவை அங்கேயே அழித்தோம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகைக்கு மட்டும்தான் இது என்று நினைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். எந்த வழியில் வெளியிட்டாலும் வெளியிட்டதுதான்.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் இதில் எனக்கு ஒரு கோபம் உண்டு. பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் இல்லத்தில் சாப்பாடு போட வருகிறவர்களைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் நல்ல மனசுக்காரர்கள். ஆனால் பிள்ளைகள் வரிசையில் நின்று பாட்டுப் பாடி, பிரியாணிப் பொட்டலத்தை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படத்துக்கு நின்ற பிறகுதான் சாப்பிட உட்கார வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் மறுநாள் வகுப்புக்குப் போகும்போது அந்தப் படம் அவளுக்கு முன்னாலேயே அங்கே போயிருக்கும். தீபாவளிக்கு நாலு இடத்துச் சாப்பாடு வரும், செவ்வாய்க்கிழமை ஒன்றும் வராது. கட்டடத்துக்கும் இதே வழியில் கேட்டால், செங்கல்லுக்கு ஒரு பாட்டு, சிமெண்டுக்கு ஒரு பாட்டு என்று அவர்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆகவே குழு ஒரு முடிவு எடுத்தது. பணம் கேட்கும் எந்த இடத்திலும் ஒரு பிள்ளையின் முகமும் கதையும் வராது.

முகம் இல்லாமல் எதைக் காட்டிக் கேட்பது? எங்களுக்கு விடை கிடைத்தது இளைஞர் நீதிச் சட்டத்துக்காக மத்திய அரசு போட்ட 2016 மாதிரி விதிகளில். பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் வரைபடம் போட ஒப்புக்கொண்டு, முதலில் அந்த விதிகளைத்தான் கேட்டு வாங்கிப் படித்தார். 25 பிள்ளைகளுக்கு 1,000 சதுர அடிப் படுக்கைக் கூடம், அதாவது தலைக்கு 40 சதுர அடி. ஏழு பேருக்கு ஒரு கழிவறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை. நோயுற்றவர் அறை, ஆலோசனை அறை, சமையலறை, உணவுக்கூடம், விளையாட இடம் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு இருக்கிறது. பழைய கட்டடம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. ‘ஒரு பிள்ளை படுக்க 40 சதுர அடி’ என்பதையே எங்கள் வேண்டுகோளாக வைத்துக்கொண்டோம்.

இதில் இன்னொரு சிக்கலும் தீர்ந்தது. சமையலறைக்கு, மின்விசிறிக்கு, கட்டிலுக்குக் கொடுக்க ஆள் உண்டு. செப்டிக் டேங்குக்கு யார் கொடுப்பார்? அஸ்திவாரத்துக்கும் வயரிங்குக்கும் உரிமக் கட்டணத்துக்கும் யாரும் முன்வர மாட்டார்கள். அதனால் மண்ணுக்குள் போவது, சுவருக்குள் போவது, அலுவலகத்துக்குப் போவது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சதுர அடி 1,700 ரூபாய் என்று பொறியாளர் கணக்குப் போட்டுத் தந்தார். கால் சதுர அடி 425 ரூபாய். யார் எந்தப் பங்கு எடுத்தாலும் அதற்குள் செப்டிக் டேங்கும் இருக்கும். தனித்தனிப் பொருளுக்கு என்று பணம் வாங்கியிருந்தால், இருபது மின்விசிறிகளை வைத்துக்கொண்டு கழிவறை இல்லாமல் நின்றிருப்போம்.

வேலையைக் கட்டங்களாகப் பிரித்ததிலும் பொறியாளர் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு கட்டமும் முடிந்த அன்றே பயன்பட வேண்டும் என்பது அவர் கணக்கு. மொத்தக் கட்டடத்துக்கும் தூண் எழுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தால், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி உப்புக்காற்றில் துருவேறும், கொடுத்தவர்களுக்கும் நம்பிக்கை போகும். ஒரு படுக்கைக் கூடம், கழிவறைகள், சமையலறை – இது முதல் கட்டம். மூன்றுக்கும் கான்கிரீட் கூரை. கஜாவில் எங்கள் பக்கம் பிழைத்த கட்டடங்களைச் சுற்றிப் பார்த்தபோது, ஜன்னல் மேல்மட்டத்தில் சுவரைச் சுற்றிக் கான்கிரீட் பெல்ட் ஓடி, அது தூணோடு பிணைந்திருந்தவைதான் அசையாமல் நின்றன. ஷீட்டுகள் பறந்ததற்குக் காரணம் அநேகமாக அவற்றைப் பிடித்திருந்த கொக்கிதான். உணவுக்கூடத்துக்கு ஷீட் போதும், ஆனால் ஒவ்வொரு முகட்டிலும் ஜே-போல்ட் (ஷீட்டைப் பிடித்து நிறுத்தும் வளைந்த போல்ட்) இறக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதிவிட்டார்.

இனி மொய் விருந்துக் கதை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தலில் கறிச்சோறு போடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனி நோட்டு. அவர் முன்பு பிறருக்குச் செய்த மொய் அன்று அவருக்குத் திரும்பி வரும், மேலே புதிதாகவும் விழும். அதைத் தொழிலிலோ நிலத்திலோ போட்டு, சில வருஷத்தில் மற்றவர் விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டியில்லாக் கடன் என்று வைத்துக்கொள்ளலாம். நோட்டுதான் பத்திரம்.

2019 ஆடிக்கு இல்லத்தின் பெயரில் ஒரு மொய் விருந்து வைக்கலாம் என்று யோசனை வந்ததும் பலருக்கு உற்சாகம். ஊர்ப் பெரியவர் ஒருவர்தான் நிறுத்தினார். “மொய்னு வாங்கினா திருப்பிச் செய்யணும். இல்லம் யாருக்குப்பா செய்யும்? செய்யலைன்னா அந்தப் பிள்ளைங்களத்தானே கடன்காரப் புள்ளைங்கம்பாங்க?” அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தவிர, விருந்து வைத்தால் வசூலில் பெரும்பங்கு ஆட்டுக்கறிக்கே போய்விடும்.

அதனால் விருந்து வைப்பவர்களிடமே போய், பந்தலில் ஒரு ஓரம் கேட்டோம். சிலர் மறுத்தார்கள். தென்னை போன வருஷம், வரும் மொய்யே குறையும் என்ற பயம் அவர்களுக்கு. அதில் தப்பில்லை. சம்மதித்த குழு ஒரு நிபந்தனை போட்டது: மேசை வாசலில் இருக்கக்கூடாது, சாப்பிட்டுக் கை கழுவி வெற்றிலை எடுக்கும் இடத்தில் இருக்கட்டும். எங்களுக்கும் அதுதான் வசதி. அங்கே வருகிறவர் செய்ய வேண்டிய மொய்யைச் செய்து முடித்திருப்பார், கையில் மிச்சம் எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ‘இது மொய் அல்ல, திரும்பி வராது’ என்று அட்டையில் பெரிதாக எழுதி வைத்தோம். மேசைக்குப் பக்கத்தில் எட்டடிக்கு ஐந்தடி அளந்து தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டோம். அதுதான் 40 சதுர அடி.

அந்தக் கட்டத்துக்குள் ஆட்கள் ஏறி நின்று பார்த்தார்கள். ஒரு விவசாயி பேரனோடு உள்ளே நின்று, படுத்தால் கால் எங்கே வரும் என்று கையால் அளந்துவிட்டு என்னைக் கேட்டார்: “பெட்டி எங்கே வைக்கும் அந்தப் பிள்ளை?” வரைபடத்தில் பொதுவாக ஒரு அலமாரி அறை மட்டும்தான் இருந்தது. “தன் பெட்டி தன் தலைமாட்டுல இருக்கணும் தம்பி. வெளியூர்ல வேலைக்குப் போனவனைக் கேட்டுப் பாருங்க” என்றார். சிங்கப்பூரில் டார்மிட்டரியில் தங்கி வேலை பார்த்து வந்தவர் அவர். ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாட்டில் பூட்டுப் போடுகிற மாதிரி ஒரு சுவர் அலமாரி என்று வரைபடம் திருத்தப்பட்டது அவர் சொல்லித்தான். அவர் கொடுத்தது அரைச் சதுர அடிதான்.

மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை போதும். அறக்கட்டளைக்கு அது போதாது. பெயரும் முகவரியும் இல்லாத நன்கொடை, ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. டீக்கடைகளில் வைத்த உண்டியல் காசும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஆகவே 50 ரூபாய்க்கும் கார்பன் வைத்து, வரிசை எண் போட்ட ரசீது எழுதினேன். “ரசீது எதுக்கு சார், உங்க மேல நம்பிக்கை இல்லாமலா?” என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. பொறுமையாக விளக்கிச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். இரவே இரண்டு பேர் எண்ணி இரண்டு பேர் கையெழுத்து, மறுநாள் காலை வங்கி. எந்தச் செலவும் வசூல் பணத்திலிருந்து நேரே போகாது, வங்கி வழியாகத்தான் போகும். டீ வாங்கிக் கொடுப்பதுகூட அப்படித்தான்.

மாதக் கணக்கை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம். இத்தனை மூட்டை சிமெண்ட், இந்தக் கடை, இந்த விலை. கம்பி எத்தனை கிலோ. கொத்தனார், சித்தாள் கூலி. தச்சு வேலை செய்கிற ஒருவர் அதைப் படித்துவிட்டு எல்லார் முன்னாலும் கேட்டார்: “எம்-சாண்ட் ரெண்டு லோடு போட்டிருக்கீங்க. ஒரு லோடு இறங்கினதுதானே நான் பார்த்தேன்?” இரண்டாவது லோடு ராத்திரி வந்தது. லாரிக்காரரின் நடைச்சீட்டும், இறக்கியபோது காவலர் போட்ட கையெழுத்தும் இருந்தன. காட்டினோம். அவரையே சரக்கு சரிபார்க்கும் ஆளாகக் குழுவில் சேர்த்துக்கொண்டோம். கணக்கு ஒட்டத் தொடங்கிய பிறகுதான், ஏற்கனவே கொடுத்தவர்கள் இரண்டாம் முறை கொடுத்தார்கள். இரண்டாம் முறை கொடுக்கிறவர்களால்தான் கட்டடம் கூரை வரை போகிறது என்பது என் கருத்து.

வெளிநாட்டுப் பணம் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியாவில் நிறையப் பேர். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதைத் தொடவே கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவு உள்ளவர்களும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க முடியும். எங்களுக்குப் பதிவு இல்லை. பெரிய தொகை தருவதாகச் சொன்ன ஒரு குடியுரிமைக்காரர், “தம்பி பேர்ல போட்டு விடறேன்” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அது அவர் தம்பியையும் சேர்த்து மாட்டிவிடுகிற வேலை.

பொருளாகக் கொடுத்தவர்களும் உண்டு. விழுந்த தென்னைகளை அறுத்து கான்கிரீட் சென்ட்ரிங்குக்கு முட்டுக் கொடுத்தார்கள், செங்கல் வந்தது, கதவு நிலை வந்தது. எல்லாவற்றையும் இருப்புப் பதிவேட்டில் மதிப்புப் போட்டு ஏற்றினோம். பொருளுக்கு நன்கொடையாளருக்கான வருமான வரிச்சலுகை (அப்போது 80ஜி பிரிவு) கிடையாது, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது என்று வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். 2021-22 முதல் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித்துறைக்குக் கொடுத்தால்தான் அவர்களுக்குச் சான்று கிடைக்கும் என்று வந்துவிட்டதால், பான் எண்ணை ரசீது எழுதும்போதே கேட்டு வாங்குவது நல்லது. பழைய துணி மூட்டைகளை மட்டும் வாங்க மறுத்தோம்.

உபயம் எழுதும் விஷயத்தில் மனக்கசப்பு வந்தது. ஒரு பிள்ளை பத்து வருஷம் தூங்கி எழும் சுவரில் இன்னொருவர் பெயர் இருக்கக்கூடாது என்பதில் கண்காணிப்பாளர் அக்கா உறுதியாக இருந்தார், நானும் அவர் பக்கம். அலுவலக வாசலில் ஒரே கல், கால் சதுர அடி கொடுத்தவருக்கும் நூறு சதுர அடி கொடுத்தவருக்கும் ஒரே அளவு எழுத்து, ஊர் வாரியாக. இதற்காகவே ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுத்துவிட்டோம்.

வேலை பாதியில் இருந்தபோது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்து ஒரு செய்தி சொன்னார்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போன பிள்ளைகளில் பலர் அங்கேயே நன்றாக இருக்கிறார்கள், நிதி ஆதரவு கொடுத்தால் திரும்ப வரத் தேவையில்லை. அப்போது அந்த ஆதரவு மாதம் 2,000 ரூபாய், இப்போது மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 4,000. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழிதான் என்று சட்டமே சொல்கிறது. எங்கள் இல்லத்துப் பிள்ளைகளில் பலருக்குத் தாய் உண்டு. வீடு இல்லை, அல்லது வீட்டில் பாதுகாப்பு இல்லை.

இதை ஊர்க் கூட்டத்தில் சொன்னபோது, “ஆளே குறைஞ்சுபோச்சு, அப்புறம் எதுக்கு இவ்வளவு கட்டடம்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இரண்டாவது படுக்கைக் கூடத்தைக் கைவிட்டோம். அந்த இடத்தில் பார்க்க வரும் தாயும் பிள்ளையும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேச ஒரு அறை, ஆலோசனை அறை, படிக்க ஒரு கூடம் என்று மாற்றினோம். இரண்டாவது கூடத்துக்கென்று பணம் கொடுத்த ஒவ்வொருவரிடமும் ஆள் அனுப்பி, மாற்றிச் செலவழிக்கலாமா, திருப்பித் தரலாமா என்று எழுதி வாங்கினோம். இல்லத்தில் பிள்ளைகள் குறைந்ததைத் தோல்வி மாதிரிப் பேசியவர்களிடம் நான் சண்டையே போட்டேன். அந்த வருஷம் நடந்ததில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அதுதான்.

சான்றுகளுக்கு ஓடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, தாசில்தாரிடம் கட்டட உரிமம் என்று ஒன்றுக்கு ஒன்று முடிச்சுப் போட்டிருக்கும். அஸ்திவாரம் தோண்டும்போதே இதற்கென்று ஒரு ஆளை ஒதுக்கிவிட வேண்டும். இதைவிட முக்கியம், எந்த இல்லத்துக்காகப் பணம் திரட்டப் போகிறீர்களோ அது இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் பதிவு பெற்றதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பதிவில்லாமல் நடத்துவதே தண்டனைக்குரிய குற்றம்.

பிள்ளைகள் புதுக் கூடத்துக்கு 2020 பொங்கல் கழித்து வந்தார்கள். மார்ச்சில் ஊரடங்கு. சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் வருவது அடியோடு நின்றுபோன அந்த மாதங்களில், மூன்று மாத அரிசியும் பருப்பும் வைக்கிற அளவுக்குச் சரக்கறை கட்டியிருந்தது கைகொடுத்தது. இப்போது பிறந்தநாளுக்கு வருகிறவர்கள் அலுவலகத்தில் ஒரு நாள் செலவைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகளை அழைத்து நிறுத்துவதில்லை. இதனால் வராமல் போனவர்களும் உண்டு.

வசூலில் ஒரு பங்கைச் செலவழிக்காமல் வைப்புநிதியில் போட்டிருக்கிறோம். மோட்டார், பெயின்ட், செப்டிக் டேங்க் சுத்தம், உப்புக்காற்றில் துருவேறும் ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் அதன் வட்டிதான். உணவுக்கூடம் இன்னும் பாக்கி. ஜே-போல்ட் விலையோடு சேர்த்துப் புது மதிப்பீடு போன வாரம்தான் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம்.